இரண்டாம் ஜாடி

எங்கள் பக்கத்தில் "வேண்டாமுங்க" என்று சொன்னால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வந்தவர் ஒருமுறை வேண்டாம் என்பதும், வீட்டுக்காரர் "அட, சும்மா கொஞ்சமுங்க" என்பதும், மறுபடி வேண்டாம் என்பதும், மறுபடி வற்புறுத்துவதும், மூன்றாவது தடவை "சரி, உங்க திருப்திக்கு" என்று வாங்கிக்கொள்வதும்தான் மரியாதை. முதல் தடவையே வாங்கிக்கொண்டால் பறக்காவெட்டி என்பார்கள். மூன்றாவது தடவையும் மறுத்தால் "எங்க மேல என்னங்க கோவம்?" என்பார்கள். ஆகவே நிஜமாகவே வேண்டாம் என்கிற மனுஷனுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. இந்தச் சங்கடத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு வழியும் செய்து வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம்.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். அக்காவின் கணவர் அங்கே மேனேஜர். சிங்காநல்லூரில் அவர்கள் வீடு. அக்கா பிறந்து வளர்ந்தது போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவருடைய அம்மா பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியக்காரர்களிடம் ஒயின் போடக் கற்றுக்கொண்டாராம். அம்மாவிடமிருந்து அக்காவுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சை ஒயின் போடுகிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அக்கா போடுவது வெள்ளை. அதுவும் கிறிஸ்துமஸுக்கு இல்லை, வெயிலுக்கு.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுப் பின்பக்கச் சப்போட்டா மரத்தடியில் கம்பெனி ஆட்களும் தெருக்காரர்களுமாக நாற்பது பேர் குடும்பத்தோடு கூடுவோம். அன்றைக்கு அக்கா பழமும் வெள்ளை ஒயினும் சேர்த்து ஒரு பானம் செய்வார். பழத்தண்ணி என்று அதற்குப் பெயர். பெயரில்தான் எளிமை. மார்ச்சில் பச்சைத் திராட்சை மலிந்து கிடக்கும்போது பத்துக் கிலோ வாங்கி, கழுவி, ஒவ்வொரு பழமாகத் துணியில் ஈரம் போகத் துடைப்பார். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கையால் பிசைந்து, தோலையும் விதையையும் அன்றைக்கே பிழிந்து எடுத்துவிடுவார். தோல் கிடந்தால் துவர்ப்பு ஏறிவிடுமாம். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, இருபத்தொரு நாள் தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவார். பிறகு மல்துணியில் வடித்து, தெளியவிட்டு, பாட்டில்களில் அடைத்து ஏப்ரல் முழுக்கக் கட்டிலுக்கடியில் இருட்டில் வைப்பார்.

கூட்டத்தன்று காலையில் பெரிய கண்ணாடி ஜாடியில் பழம் நறுக்கிப் போட்டு அதன் மேல் ஒயினை ஊற்றி ஊறவிடுவார். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக மலையிலிருந்து அப்போதுதான் பிளம்ஸ் இறங்க ஆரம்பித்திருக்கும். பிளம்ஸ், அன்னாசி, பாதி பழுத்த மாங்காய், எலுமிச்சை வட்டங்கள். எலுமிச்சையில் ஒரு விதை தங்கினாலும் சாயங்காலத்துக்குள் மொத்தமும் கசந்துவிடும் என்று ஒவ்வொரு வட்டமாக ஊசியால் குத்தி விதை எடுப்பார். ஐஸை ஜாடிக்குள் போட விடமாட்டார். "உள்ளுக்குப் போட்டா சப்புனு போயிருமுங்க" என்பார். ஐஸ் பாரைச் சாக்கில் வைத்து உடைத்து அலுமினிய டப்பில் கொட்டி, நடுவில் ஜாடியை உட்காரவைப்பார். கொடுக்கிற நேரத்தில்தான் புதினாவும் கோலி சோடாவும். வெயில் தாழ்கிற நேரத்தில் முதல் வாய் உள்ளே இறங்கும்போது மே மாதத்தையே மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

அக்கா யாரையும் "என்ன சாப்பிடறீங்க" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கிளாஸ்கள் சமையலறையிலேயே நிரம்பிவிடும். எட்டு கிளாஸ் வைத்த தட்டோடு வருவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதற்கு மேலாக நம்மை ஒரு பார்வை பார்ப்பார். தட்டை லேசாகத் திருப்பி நீட்டுவார். நமக்கு நேராக ஒரு கிளாஸ் நிற்கும். பக்கத்து கிளாஸுக்குக் கை போனால் தட்டு தானாக இன்னும் கொஞ்சம் திரும்பும். வருடக்கணக்கில் அதை அவருடைய பழக்கதோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேஷியர் ஒரு வருடம் பழனிக்கு மாலை போட்டிருந்தார். மாலையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, வராவிட்டால் மேனேஜர் தப்பாக நினைப்பாரே என்று வந்து, ஓரமாக முழித்துக்கொண்டு நின்றார். அக்கா தட்டோடு போனார். அவர் கையில் ஒரு கிளாஸ் வந்தது. அப்போது அக்கா அவரிடம் குனிந்து என்னமோ சொன்னார், மனுஷன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் மூன்று கிளாஸ் குடித்தார். மாலை போட்டுக்கொண்டு இப்படிக் குடிக்கிறாரே என்று நான்கூட முகம் சுளித்தேன். மற்றவர்களைப் பற்றி முகம் சுளிப்பதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு வருடம் டைப்பிஸ்ட் பெண். கல்யாணமாகி நாலு மாதம். முழுகாமல் இருந்திருக்கிறாள். மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கறி வறுபடுகிற வாசனை வந்ததும் நாற்காலியை மெதுவாகக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாளாம். அதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் எல்லோரையும் போல ஒரு கிளாஸ் போனது. "அக்கா காதுகிட்ட வந்து, 'பயப்படாமக் குடி அம்மணி, உனக்குன்னு வெச்சதுதான்'னாங்க. எனக்கு உடம்பெல்லாம் சில்லுனு ஆயிருச்சு" என்று பல மாதம் கழித்து அவளே ஆபீசில் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஒருவர் நம்மை இவ்வளவு கவனிக்கிறார் என்பது அப்படியொன்றும் சுகமான சங்கதி இல்லை. நானும் கொஞ்ச காலம் அந்தக் கண்ணாடிக்கு மேலான பார்வைக்குப் பயந்திருக்கிறேன்.

கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வருவார். உக்கடத்தில் பழக்கடை வைத்திருந்தவர், அக்காவுக்கு வருடா வருடம் பழம் பொறுக்கிக் கொடுப்பவர். அவருக்கு மட்டும் தட்டு போகாது. அக்கா ஒரு கோலி சோடாவை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கண் முன்னாலேயே உடைத்து, அவர் கடை எலுமிச்சையை அவர் கையிலேயே கொடுத்துப் பிழியச் சொல்வார். அதற்கென்று ஒரு புது எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கும். பாய் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்கிற நிலைமையே வராதபடி பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலையாக இருந்தது.

என் சங்கதிக்கு வருகிறேன். நான் குடிகாரன். அந்த மாதிரிக் கூட்டங்களில் ஒன்றிரண்டு கிளாஸ் குடிக்கிறவன் என்கிற அர்த்தத்தில் சொல்லவில்லை. பழத்தண்ணி நாலு கிளாஸ் குடித்துவிட்டு, அங்கிருந்து நேராக ஒண்டிப்புதூர் ரோட்டுக் கடைக்குப் போகிறவன். வீட்டுக்கு வரும்போது வாசனை தெரியாமலிருக்கப் புதினா இலையை மென்றுகொண்டு வருவேன். மனைவி கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா, வேலை ஜாஸ்தி" என்பேன். ஒரு தீபாவளிக்கு மாமனார் வந்திருந்தபோது அவர் எதிரிலேயே அந்தப் புதினா வாயோடு "ஒண்ணும் இல்லீங்க மாமா" என்று சொல்லிவிட்டு வாசல்படியில் விழுந்தேன். மறுநாள் காலையில் என் மனைவி கோமதியை அவர் காங்கேயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டுமுங்க மாப்பிள்ளை" என்றார், அவ்வளவுதான்.

ஜனவரியில் நான் நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்பது தனிக் கதை, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நாலு மாதம் தாக்குப் பிடித்தேன். மாமனாருக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். மில்லுக்கு மோட்டார் எல்லாம் எங்கள் கம்பெனியில்தான் எடுப்பார். மேனேஜர் அவரிடம் போனில் எனக்காகப் பேசினார். மாமனார் யோசித்து, "நாலு பேரு கூடற எடத்துல மாப்பிள்ளை எப்படி இருக்கறாருன்னு ஒரு பார்வை பாத்துப்போட்டுச் சொல்றனுங்க" என்றாராம். அந்த மே மாதக் கூட்டத்துக்கு மகளோடு வருவதாகச் சொன்னார். பார்த்தது திருப்தியாக இருந்தால் அவளை என்னோடு அனுப்புவார். இல்லையென்றால் அதற்கப்புறம் அனுப்புகிற பேச்சே கிடையாது. இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அன்று காலையில் அக்கா என்னை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். போனேன். கூடத்தில் ஐஸ் டப்பில் வழக்கமான ஜாடி இருந்தது. அந்தப் பக்கமே என்னைப் போக விடவில்லை. நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "நீங்க இதுல உக்காருங்க தம்பி" என்று மணையைப் போட்டு, எலுமிச்சையும் ஊசியும் கொடுத்தார். அங்கே இன்னொரு டப்பில் இன்னொரு ஜாடி இருந்தது. அதே அளவு, அதே வெளுத்த மஞ்சள், அதே பிளம்ஸ், அதே அன்னாசி.

"இதுல ஒயின் இல்லீங்க. பச்சத் திராட்சச் சாறைக் காய்ச்சி வடிச்சது. நாக்கைப் புடிக்கறதுக்குக் கொஞ்சம் தேத்தண்ணி. தொண்டையில எறங்கறப்பத் தெரியறதுக்கு இஞ்சி. ரெண்டையும் பக்கத்துல வெச்சா எனக்கே சந்தேகம் வந்துரும்" என்றார்.

கேஷியரும் டைப்பிஸ்டும் தட்டு திரும்பியதும் எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "எத்தனை பேருக்குங்க்கா இதுல போகுது?" என்று கேட்டேன்.

"வருசத்துக்கு வருசம் மாறுமுங்க. நீங்க இந்த வருசம். சக்கரை நோய்க்காரங்களுக்கு ரெண்டுமே ஆகாது, அவிங்களுக்கு மோரு." கொஞ்ச நேரம் மாங்காயை நறுக்கினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "என்ற ஊட்டுக்காரருக்குப் பதினோரு வருசமா இதுதான்."

கையிலிருந்த ஊசியை நான் கீழே வைத்துவிட்டேன். மேனேஜர் என்றால் கையில் கிளாஸோடு மரத்தடியில் நின்று எல்லோரையும் முதுகில் தட்டி, "குடிங்கப்பா, வருசத்துல ஒரு நாளு!" என்று கத்துகிற ஆள். எங்கள் கம்பெனியில் அவரைவிடத் தாராளமாகக் குடிக்கிறவர் கிடையாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நம்பிக்கை.

"ஒரு கிளாசு உள்ள போச்சுன்னா அவருக்கு நிக்காது தம்பி. ஒருக்கா ஆசுபத்திரி வரைக்கும் போய்ட்டு வந்தோம். ஆனா நாலு பேரு முன்னால வேண்டாம்ங்கறது அவருக்கு வாயில வராது. ஆம்பளைக்கு அது கௌரவக் கொறச்சல். அதனால நானே மாத்திப்போட்டேன்."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"நான் சொன்னதில்ல. அவரு கேட்டதில்ல" என்றார் அக்கா. சொல்லிவிட்டு நான் எடுத்துவைத்த எலுமிச்சை வட்டங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, விட்டுப்போன ஒரு விதையைச் சுட்டிக்காட்டினார்.

இவ்வளவு கவனமான மனுஷி அன்றைக்கு ஒரு தப்புச் செய்தார். அவரிடம் நான் கண்ட ஒரே தப்பு அதுதான். கம்பெனி ஆட்கள் என்னை விடமாட்டார்கள், "ஒரே ஒரு கிளாசு" என்று பிடுங்குவார்கள் என்பதை யோசித்து, எனக்கும் மற்றவர்களைப் போலவே புதினா மிதக்கிற கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டார். அவர்களுக்கெல்லாம் நான் குடிப்பது போலத் தெரிய வேண்டும் என்று செய்தது. வரப்போகிற மாமனாருக்கும் அது அப்படித்தான் தெரியும் என்பதை அக்காவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஐந்து மணி இருக்கும். லேத் ஷாப் சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்து, "ஏப்பா, நீ உட்டுட்டேன்னு சொன்னாங்களே?" என்றார். அவர் வாயை அடைக்க வேண்டுமே என்று கிளாஸை உயர்த்திக் காட்டி, "இதா, கையிலயே இருக்குதில்லீங்க!" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், பக்கத்துச் சந்து வழியாக மேனேஜர் என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் கோமதி. மேனேஜர் வழக்கம்போலச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "எங்க ஊட்டுப் பழத்தண்ணிங்க, சொந்தமாப் போட்ட ஒயினு. உங்களுக்குப் பழக்கமில்லீன்னா மோரு இருக்குதுங்க."

மாமனார் என் கையைப் பார்த்தார். "சௌக்கியமுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்க மாமா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து புதினா வாசனை எனக்கே அடித்தது. வாசல்படியில் விழுந்த அன்று சொன்ன அதே வார்த்தை, அதே வாசனை. மூடிக்கொண்டேன். ஏழு மாதத்தில் கோமதி இளைத்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. நாற்பது பேருக்கு நடுவில் அழவும் முடியவில்லை.

மாமனார் உட்கார்ந்து மோர் குடித்தார். மில்லைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னார். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். பத்து நிமிடம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "சந்தோசமுங்க. ஆறு மணி வண்டியைப் புடிச்சா நேரத்தோட போயர்லாம். நாங்க அப்படியே பொறப்படறோமுங்க."

"என்னங்க இது, இன்னும் சாப்பிடவே இல்லியே!" என்றார் மேனேஜர்.

"இன்னொரு நாளைக்கு வாரோமுங்க."

ஒரு கெட்ட வார்த்தை இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் மேல் ஒரு குற்றம் சொல்லியிருந்தால் இல்லையென்று வாதாடியிருப்பேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை, நான் எதற்குப் பதில் சொல்வது? எங்கள் ஊர் மரியாதையில் ஒரு மனுஷனின் வாழ்க்கையை இப்படியும் முடித்துவிடலாம்.

அப்போது அக்கா தட்டோடு வெளியே வந்தார். மாமனார் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். கோமதி முகத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தார். தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஏனுங்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க. அந்தத் தம்பி கையில இருக்கறதுல ஒயின் இல்லீங்க."

மாமனார் சங்கடத்தோடு சிரித்தார். "நாங்க ஒண்ணுமே சொல்லலீங்களே."

"நீங்க சொல்லலீங்க. சொல்லியிருந்தா அவரு பதில் சொல்லியிருப்பாரு. சொல்லாம எந்திரிச்சுப்போட்டீங்க, அதனாலதான் நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. உள்ள ரெண்டு ஜாடி இருக்குதுங்க. ஒண்ணுல ஒயின், ஒண்ணுல வெறும் திராட்சச் சாறு. வேண்டாமுன்னு சொன்னா இவிங்க உடமாட்டாங்கன்னு, பாக்கறதுக்கு ரெண்டையும் ஒண்ணாட்டச் செஞ்சது நான்தான். நீங்க பாத்தாலும் அப்படித்தான் தெரியுமுன்னு ரோசிக்காம உட்டுப்போட்டேன். தப்பு என்ற மேலதான். அவரு மேல இல்லீங்க."

நாற்பது பேரும் தங்கள் தங்கள் கிளாஸைக் குனிந்து பார்த்தார்கள். "அப்ப எனக்கு எந்த ஜாடிங்க்கா?" என்றார் கேஷியர். யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் கட்டிக் காத்ததை அக்கா ஒரு மூச்சில் போட்டு உடைத்துவிட்டார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

மாமனார் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னாச் சரிதானுங்க."

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மேனேஜர் முன்னால் வந்தார். கையில் இருந்த கிளாஸைப் பார்த்தார், பிறகு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். கத்திப் பேசியே பழகிய மனுஷர் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் அந்த ரெண்டாவது ஜாடிதானுங்க. பதினோரு வருசமாச்சு."

அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"மொத வருசமே தெரியும்" என்றார் மேனேஜர், அக்காவிடம். "நீயும் சொல்லல. நானும் கேக்கல." தனக்குக் கீழே வேலை பார்க்கிற அத்தனை பேர் முன்னாலும் அவர் அதைச் சொன்னார். சூப்பர்வைசர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அப்போதும் மாமனார் நின்ற இடத்திலேயே நின்றார். கோமதிதான் நடந்து வந்தாள். என் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். பாதிக்குமேல் இருந்தது. ஒயினாக இருந்தாலும் இருக்கும் என்கிற அந்த எச்சில் கிளாஸை, அப்பா எதிரில், அத்தனை பேர் எதிரில், ஒரே மூச்சாகக் குடித்தாள். அடியில் தங்கிய பிளம்ஸ் துண்டை எடுத்து மென்றாள். "இஞ்சியும் எலுமிச்சயும்தானுங்ப்பா. வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். பிறகு, "நீங்க வண்டிக்குப் போங்க. நான் இருந்து இவருகூடப் போறேன்" என்றாள்.

மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த வருடம் அக்கா இரண்டு ஜாடிகளையும் வெளியே மேஜையிலேயே வைத்துவிட்டார். "ஒருக்கா சொல்லிப்போட்டா அப்புறம் ஒளிக்க முடியாது தம்பி" என்றார். எல்லோரும் பார்க்க மேனேஜர் முதல் ஆளாக இரண்டாவது ஜாடியில் மொண்டுகொண்டார். அவருக்குப் பின்னால் யார் யாரோ அங்கே போய் நின்றார்கள். நான் நினைத்தே பார்த்திராத ஆட்கள். அக்காவுக்கு அது சந்தோஷம்தானா என்று எனக்குத் தெரியாது. வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஓய்வுபெற்றதும் அவர்கள் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோமதி மொபெட்டில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட் வரைக்கும் வந்து, செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். பலகாரம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தோம். ஒரு நூல் சேலை, பாவாடை, ஜாக்கெட். அக்கா ஆகிருதியானவர், ஜாக்கெட் இவளுக்கு இரண்டு மடங்கு இருந்தது. அதற்காக நாலு ஊக்கு குத்தி வைத்திருந்தார். ஒரு புது பிரஷ், ஒரு சீப்பு. துணிமணியெல்லாம் காங்கேயத்தில் இருக்க, கைப்பையோடு மட்டும் வந்தவளுக்கு மாற்றுத்துணி இருக்காது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே வாழை இலையில் சுருட்டி ஒரு முழம் மல்லிகை.

இலையைப் பிரித்ததும் கோமதி சொன்னாள்: "ஏனுங்க, இது காத்தால கட்டுன பொட்டலமுங்க. பாருங்க, மொக்கா வெச்சது உள்ளயே விரிஞ்சு வாடியிருக்குது."

சமையலறையில் உட்கார்ந்து நான் எலுமிச்சைக்கு விதை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா அதைக் கட்டி வைத்திருக்கிறார். சாயங்காலம் வரை தாங்குவேனா என்று நானே என்னை நம்பாமலிருந்த நேரம் அது.

வாடியிருந்தாலும் பரவாயில்லை என்று கோமதி அந்தப் பூவை வைத்துக்கொண்டாள்.